பப்பாதி மாமியின் தொண்ணூறு சென்ட்

முடி கொட்டுவதை நிறுத்தும் என்று சொல்லி விற்ற பச்சை எண்ணெயை, மாமி மூன்று மாதம் தலையின் வலது பக்கத்தில் மட்டும் தேய்த்தாள்.

நாகர்கோவிலிலிருந்து ஒருவர் பைக்கில் கொண்டுவந்து வீடு வீடாக விற்ற எண்ணெய் அது. ஊரில் பத்துப் பதினைந்து பெண்கள் வாங்கினார்கள். எல்லோரும் தலை முழுக்கத் தேய்த்துவிட்டு, "ஒனக்குக் கொட்டுகது நின்னுட்டாட்டி?" "கொறஞ்ச மாதிரி இருக்கு, சரியாத் தெரியல்ல" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாமி மட்டும் நடுவகிடு எடுத்து, வலது பக்கத்துக்குப் பச்சை எண்ணெயும் இடது பக்கத்துக்கு வீட்டுத் தேங்காயெண்ணெயும் தேய்த்தாள். இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகச் சீவி, சீப்பில் வந்த முடியை இரண்டு தீப்பெட்டிகளில் சேர்த்தாள். மூன்று மாதம் கழித்து அந்த ஆள் மறுபடி வந்தபோது, இரண்டு பெட்டிகளையும் அவர் முன்னால் திறந்து வைத்தாள்.

"ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு, பாத்துக்கிடும். உம்ம எண்ணெய் கெடுதல் ஒண்ணும் செய்யல்ல. அத மட்டும் சொல்லி வில்லும்."

அதற்குப் பிறகு அவர் எங்கள் தெருப்பக்கம் வரவே இல்லை.

எங்கள் ஊரில் உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அம்மா வயதுக்காரிகளை மாமி என்றுதான் கூப்பிடுவோம். இந்த மாமிக்கு ஊர் வைத்த பெயர் பப்பாதி. எதைச் செய்தாலும் பாதியில் செய்து, மறுபாதியைச் சும்மா விட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். பெயர் தன் காதில் விழுந்தாலும் கோபப்படமாட்டாள். "முழுசா இருக்கதுக்கு நான் என்ன பூசணிக்காயா?" என்பாள்.

அவளுடைய கணவர் அரசு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணமான முதல் வாரமே அவள் இரண்டு சட்டியில் மீன்குழம்பு வைத்து, ஒன்றில் சாதாரணப் புளியும் மற்றதில் குடம்புளியும் போட்டு, எது எதுவென்று சொல்லாமல் பரிமாறினாள் என்று அவர் எல்லோரிடமும் சொல்வார்.

"எதச் சொன்னாலும் குத்தமாயிரும்னு ரெண்டும் நல்லாருக்குன்னு சொன்னேன். அப்ப நாளைக்கும் ரெண்டு சட்டிதான்னுட்டா. இன்னைக்கு வரைக்கும் எனக்கு எது பிடிக்கும்னு எனக்கே தெரியாது."

ஒருமுறை அவருக்கு முட்டு வலி வந்தது. வைத்தியர் கொடுத்த தைலத்தை மாமி இடது முட்டுக்கு மட்டும் தேய்த்துவிட்டாள்.

"எனக்க வலது முட்டு என்னட்டி பாவம் செஞ்சுது?"

"அது வலிச்சிட்டுக் கெடக்கட்டும். ரெண்டுக்கும் தேச்சா, தைலம் கேட்டுதா, தானா சரியாச்சான்னு எப்படித் தெரியும்?"

"நான் எனக்க காலக் கேட்டுச் சொல்லுதேன்."

"ஒங்க காலு ஒங்களுக்குச் சாதகமாத்தான் சொல்லும்."

மாமி யாரையும் ஏமாற்றுக்காரன் என்று நினைத்து இப்படிச் செய்ததில்லை. எண்ணெய்க்காரரை அவள் நம்பினாள், நம்பியதால்தான் வாங்கினாள். ஆனால் ஒன்று நன்றாக இருக்கிறது என்று சொன்னால் மட்டும் அவளுக்குப் போதாது. எதைவிட நன்றாக இருக்கிறது என்பதும் வேண்டும். அதற்கு ஒரு மறுபாதி பக்கத்தில் நின்றாக வேண்டும்.

அவளுக்கு வயல் தொண்ணூறு சென்ட். குளத்தின் கடைசி மடையில், எல்லா வயலுக்கும் தாழ்ந்து கிடந்த வயல். அவள் அம்மா வீட்டுப் பங்காக வந்தது. நெல் போகத்தை எங்கள் பக்கம் பூ என்போம். ஒவ்வொரு பூவுக்கும், அதாவது சித்திரையில் தொடங்கும் கன்னிப்பூவுக்கும் புரட்டாசியில் தொடங்கும் கும்பப்பூவுக்கும், புதிதாக என்ன விதை வந்தாலும் என்ன உரம் வந்தாலும் அந்த வயலில் பாதிக்குப் போகும். நடுவில் இரண்டு கம்பு நட்டு, பழைய சேலைக் கிழிசலைக் கட்டியிருப்பாள். ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரியும்: இந்தப் பக்கம் பயிர் கரும்பச்சையாகக் கருத்து நிற்கும், அந்தப் பக்கம் வெளுத்து நிற்கும்.

ஊர் சிரித்தது. சிரித்த ஊர்தான் உரக்கடைக்குப் போகும்முன் அந்த வயல் வரப்பில் ஒரு நடை நடந்துவிட்டுப் போகும். "பப்பாதிக்க வயல்ல எந்தப் பக்கம் கருத்திருக்கு?" என்று விசாரித்துவிட்டு, கருத்த பக்கத்தில் போட்டதை வாங்கும். வெளுத்த பாதி யாருடையது என்று யாரும் யோசித்ததில்லை. அது எப்போதும் மாமியுடையதுதான். ஒவ்வொரு பூவிலும் பாதி வயலில் அவளுக்கு நெல் குறையும். அதைப் பற்றி அவள் குறைப்பட்டு நான் கேட்டதில்லை.

என் அம்மா அந்த வயலில் நடவுக்குப் போகிறவள். எங்களுக்கென்று வயல் கிடையாது. எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். தாண்டியதோடு நிற்காமல் வேளாண்மையில் பட்டமும் வாங்கிக்கொண்டு வந்தேன். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு முதுகு நிமிர்கிறது. மறைக்க விரும்பவில்லை.

நான் சொல்ல வந்த காரியம் நடந்து ஏழு வருடமாகிறது. அரசு வேலைக்குத் தேர்வு எழுதிவிட்டு வீட்டில் காத்திருந்தேன். ஐப்பசி மழை ஏமாற்றிய வருடம். ஒரு நாள் காலையில் மாமி பிளாஸ்டிக் பேசினோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். பேசினில் சேறும் வேருமாகப் பத்துப் பதினைந்து நெற்பயிர்.

"ஏட்டி, சும்மாதானே இருக்கே? இதப் பாரு."

நட்டு மூன்று வாரமான பயிர். அந்த வயதுக்குரிய உயரம் இல்லை. கீழ் இலைகளில் இரும்புத்துரு தெளித்ததுபோலச் செம்புள்ளிகள். சில இலைகளில் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து இலையே செம்பழுப்பாகியிருந்தது. குருத்தில், நடுநரம்பின் அடிப்பக்கம் வெளுத்திருந்தது. கல்லூரிப் பாடத்தில் வந்த படம் அப்படியே பேசினில் கிடந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"சிங்க் கொறவு, மாமி. தமிழ்ல துத்தநாகம்."

"துத்தநாகமா? இரும்பு வாளிக்குப் பூசுவாவளே, அதா?"

"அதேதான்."

"வாளி துருப்பிடிக்காம இருக்கதுக்குல்லா அதப் பூசுகது. இங்க பயிருல்லா துருப்பிடிச்சுக் கெடக்கு!"

"அப்ப ரெண்டுக்கும் ஒரே மருந்துதான்" என்றேன். கதவோரம் நின்ற அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

மாமி சிரிக்கவில்லை. உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். போன இரண்டு பூவிலும் இதே செம்மைதான் வந்ததாம். இரண்டிலும் பாதி நெல்கூடத் தேறவில்லை. மாமா வரும் வைகாசியில் ஓய்வு பெறுகிறார். இந்தக் கும்பப்பூவும் விளையாவிட்டால் வயலை வெட்டி மேடாக்கி வாழை வைப்பேன் என்று சொல்லிவிட்டார். மாமியும் சரி என்றுவிட்டாள்.

"ஏன் மாமி சரின்னீங்க? பாதி வாழ, பாதி நெல்லுன்னு சொல்லப்படாதா?"

"சொன்னேனே. நெல்லுக்கு வெள்ளம் நிக்கணும், வாழ மூட்டுல வெள்ளம் நிக்கப்பிடாது, வச்சா முழுசும் வாழதான்னுட்டாரு. அது சரிதானே? மூணு பூ பாப்பம்னு நான்தான் சொன்னேன். மூணாவது இது."

மேடாக்கிய வயலைத் திரும்பச் சமன்படுத்தி நெல் நட்டவர்கள் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. மாமிக்கு அது தெரியும். பேசினிலிருந்த ஒரு பயிரை எடுத்து, அதன் வேரிலிருந்த சேற்றை விரலால் வழித்துக்கொண்டே இருந்தாள்.

சிங்க் சல்பேட் வாங்கி, பயிர் செம்மையாக இருக்கும் இடமெல்லாம் போடச் சொன்னேன். மாமி வாங்கினாள். பாதிக்குத்தான் போட்டாள். அதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு நாள் ஆனது. குளத்துப் படித்துறையில் பத்துப் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, என் அம்மாவும் அங்கே இருந்தபோது, மாமி சாதாரணமாகச் சொன்னாள்.

"பிள்ள சொன்ன சிங்க் போட்ட பக்கமும் போடாத பக்கமும் ஒண்ணுபோலத்தான் இருக்கு."

யாரோ ஒருத்தி, "நாலு வருசம் படிச்சது எண்ணெய்க்காரன்கிட்டயா?" என்று கேட்டாளாம். அம்மா துவைத்தும் துவைக்காமலும் துணியை வாரிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"மக்கா, நாளைக்கும் நான் அந்த வரப்புலதான் நடக்கணும். ஒனக்குத் தெரியாட்டா தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்லா?"

அம்மா என்னிடம் கோபத்தில் பேசியிருந்தால் பரவாயில்லை. கெஞ்சுகிற குரலில் பேசினாள். மறுநாள் விடிந்ததும் நான் வயலுக்குப் போனேன். அதுவரை நான் வயலைப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பேசினைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தேன்.

பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் கணுக்காலுக்கு மேல் நின்றது. கால் வைத்த இடத்தில் குமிழி குமிழியாக வந்து, கெட்ட முட்டை நாற்றம் அடித்தது. ஒரு பயிரைப் பிடுங்கினேன். வேரில் வெள்ளையே இல்லை. கறுப்பும் பழுப்புமாக இருந்தது. சேற்றைத் தண்ணீரில் அலசினால் உள்ளங்கையில் பொடிப் பொடியாகச் சிப்பித் துணுக்குகள் தங்கின. எந்தக் காலத்திலோ யாரோ அங்கே சுண்ணாம்புக்குச் சிப்பி நீற்றியிருக்கிறார்கள்.

மாமி வரப்பில் வந்து நின்றாள்.

"மாமி, எத்தன நாளா வெள்ளம் இப்பிடி நிக்கு?"

"நட்டதுலேருந்து நிக்கு. ஏன்?"

"வடிக்கவே இல்லியா?"

"வடிக்கவா? கடைமடைக்காரிகிட்ட கேக்க கேள்வியாட்டி இது? ஒரு வருசமாக் கொளத்துல வெள்ளம் கொறவு. முறை வெள்ளம் பத்து நாளுக்கு ஒருக்கதான். வாற அன்னைக்குப் பிடிச்சு நிறுத்தாட்டா பொறவு வானத்தப் பாக்க வேண்டியதுதான்."

"ஒரு வருசமா?"

"ஒரு வருசமா."

சொல்லிவிட்டு அவளே நிறுத்தினாள். செம்மை வந்தும் ஒரு வருடம்தான். முறை மாறியதையும் செம்மை வந்ததையும் அவள் மனதுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது எனக்குத் தெரிந்தது.

"சிங்க்க எப்பிடிப் போட்டீங்க?"

"டி.ஏ.பி. ஒரமும் அதும் ஒரே சருவத்துல கலந்து வீசினேன். எல்லாரும் அப்பிடித்தானே வீசுகது? ரெண்டு நடை ஒரு நடையாச்சு."

நான் வரப்பில் ஏறி உட்கார்ந்து எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மண்ணில் சிங்க் இல்லாமல் இல்லை, இருக்கிறது. ஆனால் மண்ணில் இருப்பது வேறு, பயிருக்குக் கிடைப்பது வேறு. தண்ணீர் மாறாமல் நின்றால் சேற்றுக்குள் காற்றுப் போகாது. காற்றில்லாத சேற்றில் சிங்க் கரையாத உருவத்துக்கு மாறிவிடும், வேரால் எடுக்க முடியாது. சிப்பிச் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கும். அதுவும் சிங்க்கைப் பிடித்துவைக்கும். டி.ஏ.பி.யில் இருக்கும் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், கூடினாலும் அப்படித்தான், அதுவும் ஒரே பாத்திரத்தில் சேர்த்துப் போட்டால் கேட்கவே வேண்டாம். மூன்றும் அந்தத் தொண்ணூறு சென்டில் ஒன்றாகக் கூடியிருந்தன. நான் போடச் சொன்னதும் போய் அதே சேற்றுக்குள் அடைபட்டுவிட்டது.

"அப்ப பத்தாயத்துல நெல்லு இருக்கு, பூட்டிக் கெடக்குன்னு சொல்லுதே."

"ஆமா."

"யாரு பூட்டுனது?"

"நீங்கதான் மாமி."

மாமி தண்ணீரைப் பார்த்தாள். பிறகு, நான் பயந்த வார்த்தையைச் சொன்னாள்.

"அப்ப பாதிய வடிச்சுப் பாப்பம்."

"வெள்ளத்தப் பாதியா வடிக்க முடியாது. வடிச்சா எல்லாந்தான் வடியும்."

"ஏன் முடியாது? நடுவுல ஒரு வரப்புப் போட்டாப் போச்சு."

மாமி மம்பட்டி எடுத்தாள். அன்று முழுக்க, நின்ற தண்ணீருக்குள், இரண்டு கம்புக்கும் நடுவே சேற்றை அள்ளி அள்ளி வரப்புப் போட்டாள். நானும் அம்மாவும் கூட அள்ளினோம். சாயங்காலம் முழங்கால் உயரம் நின்ற வரப்பு, காலையில் இல்லை. மறுநாளும் போட்டாள். வைக்கோல் வைத்து மிதித்தாள். மத்தியானத்துக்குள் அதுவும் கரைந்து படுத்தது. இரண்டு நாளில் இன்னும் நான்கைந்து குத்துப் பயிர் செம்மையாகியிருந்தது.

மாமா டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு வந்து வரப்பில் நின்றார். "என்ன, கடலுக்குக் கரை கெட்டுதியளா?"

பக்கத்து வயல் அண்ணாச்சியும் வந்தார். அவர் வயல் ஒரு படி மேட்டில் இருந்தது. அவர் பயிரில் செம்மை அப்போதுதான் ஓர் ஓரத்தில் எட்டிப் பார்த்திருந்தது.

"அந்தப் பிள்ள புஸ்தகத்தப் பாத்துச் சொல்லுது. அடுத்த முறைக்கு எட்டு நாளு கெடக்கு. இருக்க வெள்ளத்தையும் வடிச்சிட்டு, பொறவு என்னத்த நக்கதுக்கு? போன தடவ சிங்க்னு சொல்லிச்சு, கேட்டுதா?"

மாமி சேற்றில் நின்றபடியே என்னைப் பார்த்தாள். "ஏட்டி, இது ஒனக்க வயலா இருந்தா என்ன செய்வே?"

எங்களுக்கு வயல் இல்லை என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். தப்பாகிப்போனால் எனக்குப் போவது பேர் மட்டும். அவளுக்குப் போவது வயல். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் தன் கைச் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வடிப்பேன்."

"எவ்வளவு?"

"முழுசும்."

மாமி மம்பட்டியைத் தூக்கித் தோளில் வைத்தாள். பிறகு தாழ்ந்த மூலைக்கு நடந்துபோய் வரப்பை மூன்று வெட்டில் திறந்துவிட்டாள். நட்டதிலிருந்து பிடித்து வைத்த தண்ணீர் வடிகாலில் இறங்கியது. மறுபாதி என்று ஒன்றை மிச்சம் வைக்காமல் அவள் செய்து நான் பார்த்த காரியம் அது ஒன்றுதான். செய்துவிட்டு மம்பட்டியைக் கழுவினாள்; கழுவிய மம்பட்டியைத் திரும்பவும் கழுவினாள்.

அடுத்து வந்த நாட்களில் விடியும் முன்பே வயலுக்குப் போய் நின்றேன். முதல் நாள் வயல் சும்மா சேறாகக் கிடந்தது. இரண்டாம் நாள் நாற்றம் குறைந்தது. நான்காம் நாள் தரையில் மயிரிழை போல வெடிப்பு ஓடியது. "கீறிட்டு, கீறிட்டு" என்று அண்ணாச்சி இழவுச் சேதி போல ஊருக்குள் சொல்லிவைத்தார். ஐந்தாம் நாள் ஒரு பயிரைப் பிடுங்கிப் பார்த்தேன். கறுத்த வேர்களுக்கு நடுவே, நகக்கண் நீளத்துக்கு, வெள்ளையாக இரண்டு புது வேர். ஓடிப்போய் மாமியிடம் காட்டினேன். அவள் அதை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். "இன்னும் நாலு பிடுங்கு, ஒண்ண வச்சுச் சொல்லப்பிடாது" என்றாள். நான்கில் மூன்றில் இருந்தது.

அன்று சிங்க் சல்பேட்டைக் காய்ந்த மணலில் மட்டும் கலந்து, அம்மா வயல் முழுக்க வீசினாள். டி.ஏ.பி. மூட்டையை மாமி கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

எட்டாம் நாள் முறை. தண்ணீர் வரவில்லை. மேல்மடையில் யாரோ கூடுதலாகத் திறந்துவிட்டார்கள். மத்தியான வெயிலில் இலைகள் சுருளத் தொடங்கின. அம்மா மேல்மடைக்காரர்களின் ஏழு தலைமுறையையும் பெயர் சொல்லித் திட்டினாள். மாமி திட்டவில்லை, மடைவாயிலில் போய்க் குந்தியிருந்தாள். ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்குத் தண்ணீர் வந்தது. வாய்க்காலில் சருகைத் தள்ளிக்கொண்டு அது வருவதைப் பார்த்து நான் அழுதேன். "இதுக்காட்டி படிச்சே?" என்று மாமி என் முதுகில் ஒன்று வைத்தாள்.

இந்த முறை தண்ணீரை ஒரு விரற்கடைக்கு மேல் நிறுத்தவில்லை. ஒரு வாரத்தில் வந்த குருத்து, அடியிலிருந்து நுனிவரை பச்சை. அதற்கடுத்த வாரம் வயல் கருத்தது. மாசியில் அறுத்தார்கள். களத்தில் மாமா ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்தார், இன்னொன்றையும் கடித்தார். "வாழைய வீட்டுக்குப் பின்னால வச்சுக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு டூட்டிக்குப் போனார்.

மாமி என்னைக் கட்டிப்பிடித்து ஏதாவது சொல்வாள் என்று நான் நெல்குவியலுக்குப் பக்கத்திலேயே நின்றேன். படித்துறையில் போன பேர் படித்துறையிலேயே திரும்பி வர வேண்டும் என்று எனக்கு ஆசை.

"நல்லா வெளஞ்சிருக்கு. ஆனா எதுனால வெளஞ்சுதுன்னுதான் தெரியல்ல" என்றாள்.

"மாமி! வடிச்சதுனாலதான்."

"இருக்கலாம். அந்தச் சமயத்துல வெயிலும் நல்லா அடிச்சுதுல்லா? ரெண்டாமத்த சிங்க் மட்டும் கேட்டிருக்கலாம். தானாத் தெளிஞ்சிருக்கவும் செய்யலாம். பக்கத்துல வடிக்காத ஒரு துண்டு கெடந்திருந்தா நான் அடிச்சுச் சொல்லியிருப்பேன்."

எனக்கு வந்த கோபத்தில் பதினைந்து நாள் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. கோபம் தணிந்த பிறகு யோசித்தால், கல்லூரியில் ஒரு முழுப் பருவமும் எங்களுக்குச் சொன்னது இதைத்தான். மருந்து போடாத பாத்தி ஒன்று இல்லாமல் நடத்தும் சோதனை சோதனையே இல்லை என்று நான் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். எழுதியது நான். கேட்டது மாமி.

பங்குனியில் எனக்கு வேலை உத்தரவு வந்தது. தூத்துக்குடிப் பக்கம் கரிசல் காட்டில் ஒரு மண் பரிசோதனைக் கூடம். சொல்லிக்கொள்ளப் போனபோது மாமி வீட்டில் இல்லை. வயலில், காய்ந்த தரையில், குளத்துக் களிமண்ணைக் கொண்டுவந்து கொட்டி, நடுவே வரப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு முழ அகலம். தண்ணீர் கசியாத அளவுக்கு அடித்து இறுக்கியிருந்தாள். கையை முந்தானையில் துடைத்துவிட்டு என் கன்னத்தைத் தொட்டாள். "போயிட்டு வா. நம்பர் குடுத்துட்டுப் போ" என்றாள். வரப்பைப் பற்றி நான் கேட்கவில்லை.

ஆனி மாதத்தில் ஒரு காலை, கூடத்தில் மண் சலித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"ஏட்டி, கேக்குதா? பாதி செவந்துட்டு!"

சல்லடையைக் கீழே வைத்தேன். ஆனால் அந்தக் குரலில் பரிசு விழுந்த சந்தோஷம் இருந்தது.

"எந்தப் பாதி மாமி?"

"வெள்ளம் தேக்கின பாதி! சிங்க் ரெண்டு பக்கத்துக்கும் ஒண்ணுபோலப் போட்டேன். மணல்ல கலந்துதான் போட்டேன். வெள்ளம் மட்டுந்தான் வேற. வடிச்சு வடிச்சுப் பாய்ச்சின பக்கம் கருகருன்னு நிக்கு. தேக்கின பக்கம் துரு. நடுவுல ஒரு வரப்புதான். நூல் பிடிச்சதுபோல இருக்கு, கேட்டியா?" கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நீ சொன்னது சரிதாம்ட்டி. இப்பத் தெரிஞ்சு போச்சு."

பின்னாலிருந்து மாமாவின் குரல் கேட்டது. "பாதி வயலக் கொன்னுட்டு ஆடுதா பாரு."

"கொல்லல்ல, இன்னைக்கு வடிச்சிருவேன்."

"இப்பமே வடியுங்க மாமி. நாள் கடத்தாதீங்க" என்றேன்.

"வடிக்கேன், வடிக்கேன். ஊர்ல எல்லாரும் ஒருக்கப் பாத்துட்டுப் போகட்டும். காலையிலேருந்து முப்பது பேரு வந்தாச்சு. இந்தா, பக்கத்து வயல் அண்ணாச்சி நிக்காரு. அவருக்க பயிரும் செவந்துட்டு. ஒன்கிட்டப் பேசணுமாம்."

போன் கை மாறியது. அண்ணாச்சி ஒருமுறை தொண்டையைச் செருமினார். "பிள்ளே, நல்லா இருக்கியா? இல்ல, எனக்க வயல எத்தன நாளு வடிச்சுப் போடணும்?"

நாலைந்து நாள், தரையில் மயிரிழை வெடிப்பு ஓடும்வரை என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் மாமி குறுக்கே விழுந்தாள்.

"அண்ணாச்சி, எல்லாத்தையும் வடிச்சிராதீங்க. பாதிய விட்டு வையுங்க. அப்பத்தான் தெரியும்."

"முழுசும் வடியுங்க அண்ணாச்சி, முழுசும்!" என்று நான் கூடம் அதிரக் கத்தினேன். மண் சாம்பிளோடு வரிசையில் நின்ற விவசாயிகள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.